டேப்லெட் பாடம்: இரண்டு வகுப்புகளை ஒப்பிட்டால் போதுமா?

டேப்லெட் பாடம் பலன் தருகிறதா என்று அறிய, ஒரு வகுப்புக்கு டேப்லெட், இன்னொன்றுக்குக் கரும்பலகை என்று ஒப்பிட்டால் போதுமா என்கிறீர்கள். போதாது. ஒரே ஆசிரியரிடம் படிக்கும் பிள்ளைகளின் மதிப்பெண்கள் ஒன்றையொன்று ஒட்டியே நகரும். இந்த ஒட்டுறவு (0 என்றால் ஒட்டே இல்லை, 1 என்றால் முழு ஒட்டு) 0.2, வகுப்புக்கு 40 பேர் என்றால், ஒருவரோடு மற்ற 39 பேரின் ஒட்டையும் சேர்த்து 1 + 39 × 0.2 = 8.8. உங்கள் 80 பேரை இதால் வகுத்தால் மிஞ்சுவது சுமார் 9 பேரின் தகவல்தான்! தவிர, பலன் டேப்லெட்டாலா ஆசிரியராலா என்று பிரிக்கவே முடியாது.

2015இல் டெல்லியில், தனி மையங்களில் கணினி வழியே பாடம் சொல்லித்தரும் மைண்ட்ஸ்பார்க் மென்பொருளைச் சோதித்தவர்கள், முன்தேர்வு வைத்த பிறகே 619 மாணவர்களை, வகுப்பாக அல்ல, தனித்தனியாக, மையத்தில் இடம் பெறுவோர், பெறாதோர் என்று குலுக்கலில் பிரித்தார்கள். இடம் கிடைத்தும் மையத்துக்கு ஒழுங்காக வராதவர்களைக் கணக்கிலிருந்து கழிக்கவில்லை. அது மிக முக்கியம். கழித்தால் ஆர்வமுள்ள பிள்ளைகள் மட்டுமே மிஞ்சுவார்கள்.

வகுப்பாகத்தான் பிரிக்க முடியுமென்றால் மாணவர்களை அல்ல, வகுப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.