சி.ஆர். எக்ஸ்ரே உண்மையிலேயே டிஜிட்டலா? அதில் கதிர்வீச்சு குறைவா?

கிருஷ்ணகிரியில் அம்மாவுக்கு முழங்கை எக்ஸ்ரே எடுக்கப் போனேன், டிஜிட்டல் என்றார்கள், ஆனால் பழைய காலம் மாதிரி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடினார்கள், இது டிஜிட்டல்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். டிஜிட்டல் என்றால் கதிர்வீச்சு குறைவுதானே என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் பார்த்த பெட்டி முறைக்குப் பெயர்தான் சி.ஆர்., அதாவது கம்ப்யூட்டட் ரேடியோகிராஃபி. முதல் கேள்விக்குப் பதில் ஆமாம். இரண்டாவதற்கு, அப்படி நம்பிவிடாதீர்கள்.

நான் தர்மபுரிப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே டெக்னீஷியன். டார்க் ரூமில் தொழில் கற்றவன். சிவப்பு பல்பு, டெவலப்பர் நாற்றம், சட்டை முழுக்க ஃபிக்ஸர் கறை. சித்திரை வெயிலில் டெவலப்பர் சூடாகிவிட்டால் ஃபிலிம் மங்கிப் போகும். பிறகு சி.ஆர். வந்தது. கேசட்டின், அதாவது அந்தப் பெட்டியின், உருவம் அப்படியே இருந்ததால் எங்களுக்கும் உங்களுக்கு வந்த அதே சந்தேகம்தான் முதலில் வந்தது.

அந்தப் பெட்டிக்குள் ஃபிலிம் கிடையாது. ஒரு பிளேட் இருக்கிறது. பேரியம், ஃபுளோரின், புரோமின் சேர்ந்த ஒரு உப்பில் துளி யூரோப்பியம் கலந்து அதன்மேல் பூசியிருப்பார்கள். (ஃபுளோரின் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்குப் பல் கறைதான் ஞாபகம் வரும். அதற்கும் வருகிறேன்.) எக்ஸ்ரே பட்டதும் இந்த உப்புப் படிகத்தில் எலக்ட்ரான்கள் கிளம்புகின்றன. அவற்றில் ஒரு பகுதி, படிகத்தில் அங்கங்கே இருக்கும் காலி இடங்களில் போய் மாட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடும். கதிர் நேராக விழுந்த இடத்தில் நிறைய, எலும்பின் நிழலில் கொஞ்சம். படம் அந்த நேரமே பிளேட்டில் பதிந்துவிட்டது, கண்ணுக்குத்தான் தெரியாது.

அதை எடுத்துக்கொண்டுதான் ரீடருக்கு, அதாவது பிளேட்டைப் படிக்கும் மெஷினுக்கு, ஓடுகிறோம். ரீடர் பிளேட்டை உள்ளே இழுத்து, மெல்ல நகர்த்தியபடி, ஊசிமுனை போன்ற சிவப்பு லேசரைக் குறுக்கே ஓட்டும். லேசர் பட்ட இடத்தில் மாட்டியிருந்த எலக்ட்ரான்கள் விடுபட்டுப் பழைய இடத்துக்குத் திரும்பும். திரும்பும்போது நீல ஒளியை விடும். சிவப்பை வடிகட்டிவிட்டு அந்த நீலத்தை மட்டும் பிடித்துப் பெருக்கி மின்சாரமாக்கி, அதை எண்களாக மாற்றுகிறார்கள். 35க்கு 43 செ.மீ. கேசட்டை 0.1 மி.மீ. இடைவெளியில் படித்தால் ஏறக்குறைய ஒன்றரைக் கோடிப் புள்ளிகள். 12 பிட் என்றால் ஒவ்வொன்றும் 4096 சாயல்களில் ஒன்று. கடைசியில் பளீரென்ற விளக்கைக் காட்டி மிச்சத்தை அழித்து, பிளேட்டைத் திருப்பிக் கொடுத்துவிடும். அதே பிளேட் அடுத்த ஆளுக்கு.

இப்படிப் பிளேட்டைப் படித்துப் படமாக்கும் முறையை ஃபுஜி 1980களின் தொடக்கத்தில் சந்தைக்குக் கொண்டுவந்தது. கேசட்டே இல்லாமல் மேசைக்கடியிலிருந்து படம் நேராகத் திரைக்கு வருவது டி.ஆர். (டிஜிட்டல் ரேடியோகிராஃபி). அது வேறு சாதனம், விலையும் வேறு.

சரி, படித்த எண்களை அப்படியே திரையில் போட்டால் சாம்பல் பூசின மாதிரி இருக்கும், எலும்பு தேறாது. அதனால் கம்ப்யூட்டர் முதலில் படத்தின் ஓரங்களைக் கண்டுபிடிக்கிறது. எந்தச் சாயல் எத்தனை புள்ளிகளில் இருக்கிறது என்று கணக்கெடுக்கிறது. நாங்கள் மெனுவில் கை என்று தேர்ந்திருந்தால், கைக்கு வழக்கமாக வரும் கணக்கோடு ஒப்பிட்டு வெளுப்பையும் கறுப்பையும் இழுத்து நிறுத்துகிறது. கையை எடுத்துவிட்டு மெனுவில் நெஞ்சு என்று தட்டிவிட்டால் படம் விநோதமாக வரும். பிறகு விளிம்புகளைக் கூர்மையாக்கும். இதை அளவுக்கு மீறி வைத்தால், எலும்பில் பொருத்திய உலோகத்தைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் விழும். எலும்பில் வைத்த தகடோ ஸ்குரூவோ கழன்று ஆடுகிற மாதிரியே தெரியும். உண்மையில் ஒன்றும் ஆடியிருக்காது.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது தெரிந்ததே. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததற்கும் அதுதான் காரணம். பல வருஷம் அந்த நீரைக் குடித்தவர்களுக்கு எலும்பு அடர்ந்து, படத்தில் வெளுத்து நிற்கும். சி.ஆர். என்ன செய்யும்? எல்லாப் படத்தையும் ஒரே வெளிச்சத்துக்கு இழுத்துவிடும். அதனால் வெளுப்பை மட்டும் பார்த்து எலும்பு அடர்த்தி கூடியதா குறைந்ததா என்று சொல்வது ஆபத்து. எங்கள் டாக்டர் முன்கையையும் சேர்த்து எடுக்கச் சொல்வார். முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் சவ்வில் சுண்ணாம்பு படிந்திருந்தால் அது தனி உருவமாகத் தெரியும், வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் போகாது. பென்னாகரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் திரையில் அதைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, எலும்புல முள்ளு மொளச்ச மாதிரி இருக்கு" என்றார்.

இப்போது கதிர்வீச்சுக்கு வருவோம். ஃபிலிமில் டோஸ், அதாவது கதிரின் அளவு, கூடினால் படம் கரிக்கட்டை ஆகிவிடும், குறைந்தால் வெளிறிவிடும். தப்பு செய்தவன் அன்றே மாட்டுவான். சி.ஆர். பிளேட் பத்தாயிரம் மடங்கு வித்தியாசத்தைக்கூடத் தாங்கும், கம்ப்யூட்டர் அதைச் சரிக்கட்டிவிடும். டோஸ் குறைந்தால் படத்தில் மணல் தூவின மாதிரி புள்ளி விழும், டாக்டர் திட்டுவார். கூடினால்? படம் இன்னும் வழவழப்பாகத்தான் வரும், யாரும் கேட்க மாட்டார்கள். திட்டுக்குப் பயந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவது எல்லா ஊரிலும் நடப்பதுதான், நானும் செய்திருக்கிறேன். வேகமான ஸ்கிரீனோடு (எக்ஸ்ரேயை ஒளியாக்கி ஃபிலிமுக்குக் கொடுக்கும் தாள்) போட்ட பழைய ஃபிலிமைவிட சி.ஆருக்குக் கொஞ்சம் கூடவே தேவைப்படும் என்பதுதான் நிஜம். இதைக் கண்காணிக்க ஒவ்வொரு படத்தோடும் ஒரு எண் வரும். ஃபுஜியில் எண் ஏறினால் டோஸ் குறைவு, கோடாக்கில் எண் ஏறினால் டோஸ் அதிகம். இரண்டு கம்பெனி மெஷினிலும் வேலை செய்தவனுக்குத் தலை சுற்றும்.

அதற்காக அம்மாவின் முழங்கைப் படத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். கை, கால் படத்துக்கான டோஸ் மிகச் சொற்பம். மறுபடி மறுபடி எடுக்க வைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அப்புறம், ஏன் ஓடுகிறார்கள் என்பது. எடுத்த பிளேட்டை அப்படியே வைத்திருந்தால் எட்டு மணி நேரத்தில் பதிந்ததில் கால் பங்கு போய்விடும். ஆனால் ஐந்து நிமிஷம் தாமதித்தால் ஒன்றும் ஆகாது. நாங்கள் ஓடுவதற்குக் காரணம் வேறு. ஒரு மாங்காய் சீசன், மரத்திலிருந்து விழுந்தவர்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். ஒரு பையனின் கையை எடுத்துவிட்டு, கேசட்டை ரீடரில் போடாமல் மேசையில் வைத்துவிட்டேன். அடுத்து வந்த தாத்தாவின் நெஞ்சுக்கு அதே கேசட்டையே எடுத்து மாட்டிவிட்டேன். திரையில் விலா எலும்புகளுக்கு நடுவே ஐந்து விரல்கள். டாக்டர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. அன்று முதல் எங்கள் சென்டரில் எடுத்த கேசட்டுக்கு ஒரு ரேக், எடுக்காததற்கு எதிர்ச் சுவரில் இன்னொரு ரேக்.