கோழிக்கோட்டில் நிபா: கூடலூரில் பழம் விற்கலாமா?

கேள்வி: பழக்கடை வைத்திருக்கிறோம். நிபா செய்தி வந்ததிலிருந்து வியாபாரம் படுத்துவிட்டது. கோழிக்கோட்டில் படிக்கும் மகன் போன வாரம்தான் வீட்டுக்கு வந்தான். கொல்லை மரத்தில் பழந்தின்னி வௌவால்கள் தொங்குகின்றன, மரத்தை வெட்டச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, கூடலூர்

பதில்: நிபா, பழந்தின்னி வௌவால்களிடமிருந்து மனிதருக்கு வரும் வைரஸ் நோய். முதலில் மகனைக் கவனிப்போம். நோயாளியோடு ஒரே பஸ்ஸில் வந்தார் என்பதற்காக நிபா சுலபத்தில் ஒட்டிக்கொள்ளாது. நோயாளியின் எச்சில், சளி, சிறுநீர் மேலே படும் அளவுக்கு நெருங்கி இருந்தவர்களுக்கே பெரும்பாலும் தொற்றும். 2018-ல் கோழிக்கோட்டில் பரவியபோது பலருக்கு மருத்துவமனையில்தான் தொற்றியது. பேராம்பிரா செவிலியர் லினி இறந்தது நோயாளியைக் கவனித்ததால்தான். அப்படி யாருடனாவது பழகினாரா என்று மகனிடம் கேளுங்கள். பழகியிருந்தால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் இன்றே சுகாதார உதவி எண் 104-க்குச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால், கோழிக்கோட்டிலிருந்து கிளம்பிய நாள் முதல் 21 நாள் காய்ச்சல் வருகிறதா என்று பார்த்தால் போதும். அறிகுறி பெரும்பாலும் 4 முதல் 14 நாளுக்குள் தெரிந்துவிடும்.

காய்ச்சல் வந்தால் அது டெங்குவாகவோ எலிக்காய்ச்சலாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் கூட்டமான கிளினிக்கில் போய் உட்கார வேண்டாம். முதலில் போன் செய்து கோழிக்கோட்டிலிருந்து வந்த தேதியைச் சொல்லுங்கள். தனிமைப்படுத்திவிடுவார்களோ என்று பயந்து பலர் மறைப்பது இதைத்தான். ஆரம்பத்தில் மற்ற காய்ச்சல்களிலிருந்து நிபாவைப் பிரித்துக்காட்டும் துப்பே அந்தத் தேதிதான். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு ஆபத்து. வாந்தியோடு பேச்சு குழறினாலோ, எழுப்பினாலும் தூங்கிக்கொண்டே இருந்தாலோ அந்த நிமிடமே ஆம்புலன்ஸுக்கு 108.

பழம் தாராளமாக விற்கலாம். வௌவால் கடித்த, கீறிய பழத்தை மட்டும் கழித்துவிடுங்கள். கடித்த இடத்தை அரிந்துவிட்டு மீதியை ஜூஸுக்குப் போடுவது கூடவே கூடாது. எச்சில் எதுவரை இறங்கியிருக்கும் என்று கண்ணுக்குத் தெரியாது. நல்ல பழத்தையும் ஓடும் நீரில் கழுவி, தோல் சீவித்தான் தின்ன வேண்டும். கொல்லையில் உதிர்ந்த பழத்தைக் கையுறை போட்டு எடுத்துக் குழியில் புதையுங்கள், ஆட்டுக்குப் போடாதீர்கள். மலேசியாவில் 1998-ல் வௌவால் மிச்சம் வைத்த பழத்தின் வழியாகப் பன்றிகளுக்குப் போய்த்தான் நோய் மனிதருக்கு வந்ததாகக் கருதுகிறார்கள்.

மரத்தை வெட்டாதீர்கள், வெடியும் போடாதீர்கள். மிரண்ட வௌவால்கள் நாலு திசைக்கும் சிதறும். அந்த அழுத்தத்தில் எச்சிலிலும் சிறுநீரிலும் கூடுதலாகக் கிருமியை வெளியேற்றவும் கூடும். மரத்தடியில் கிணறு இருந்தால் நெருக்கமான வலை போட்டு மூடுங்கள், குடிநீரைக் கொதிக்க வையுங்கள்.