ஆய்வு யாருக்குப் பயன்பட்டது? குமரியிலிருந்து வந்த கேள்விகள்

வந்திருக்கும் கேள்விகள் எல்லாமே அமெரிக்க கிரீன் கார்டு பற்றியவை. பெரும்பாலும், வேலை தரும் நிறுவனம் இல்லாமலேயே விண்ணப்பிக்க உதவும் இ.பி-2 (உயர் பட்டமோ தனித்திறனோ உள்ளவர்களுக்கான கிரீன் கார்டு பிரிவு) தேசிய நலன் விலக்கு, அதாவது என்.ஐ.டபிள்யூ.

தக்கலை வாசகர்: 400-க்கு மேல் சைட்டேஷன் (பிறர் கட்டுரைகள் என் ஆய்வை மேற்கோள் காட்டியது) இருக்கிறது. ஆனாலும் நடைமுறைப் பயனுக்குச் சான்று கேட்டுக் குடியேற்றத் துறை கடிதம் அனுப்பியிருக்கிறது. ஏன்?

உங்களைப் படித்திருக்கிறார்கள் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. படித்தவர்கள் அப்புறம் என்ன செய்தார்கள் என்று அதிகாரி கேட்கிறார். பத்துப் பெயர்களோடு ஒன்றாக உங்களைச் சொல்லிவிட்டுப் போகும் கட்டுரைகளை ஒதுக்கிவிடுங்கள். உங்கள் முறையை எடுத்துப் பயன்படுத்தியவை சிலவே இருந்தாலும் அவைதான் முக்கியம்; அந்தப் பத்தியை அடையாளமிட்டு வையுங்கள். அரசு வழிகாட்டி, தொழில் தரநிர்ணயம், பிறருடைய காப்புரிமை ஆவணம் இவற்றில் உங்கள் பெயர் வருகிறதா என்றும் தேடுங்கள். கடிதத்தில் உள்ள கடைசி நாளை நீட்டிக்க மாட்டார்கள். எல்லாச் சான்றுகளையும் ஒரே தடவையில்தான் அனுப்ப வேண்டும்.

கொளச்சல் வாசகர்: கரையோர அலை முன்னறிவிப்பு என் ஆய்வு. ஒக்கி புயலுக்குப் பிறகு எங்கள் ஊர் வள்ளக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் கடலுக்குப் போகிறார்கள். இங்கே கிடைத்த பயன் அங்கே செல்லுமா?

செல்லும், ஆனால் அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும். தனசார் என்பவரின் மேல்முறையீட்டில் 2016-இல் அமெரிக்கக் குடியேற்றத் துறை தந்த முடிவுப்படி மூன்று கேள்விகள். நீங்கள் செய்யப்போகும் வேலைக்கு மதிப்பும் அமெரிக்காவுக்கு நாடளவிலான முக்கியத்துவமும் உண்டா? அதை முன்னெடுக்க நீங்கள் தகுந்தவரா? வேலை தரும் நிறுவனம் வேண்டும் என்ற நிபந்தனையை விலக்குவது அந்த நாட்டுக்கு நன்மையா? கொளச்சல் உங்கள் இரண்டாவது பதிலுக்குப் பலமான சாட்சி. முதல் பதிலுக்கு லூசியானா, மெய்ன் போன்ற மீன்பிடிக் கரைகளில் இதே வேலை என்ன செய்யும் என்று எழுதியாக வேண்டும்.

சாட்சிக் கடிதத்தை மீனவர் சங்கத்திடம் தமிழிலேயே கேளுங்கள். ஆங்கிலத்தில் நீங்கள் எழுதிக் கையெழுத்து மட்டும் வாங்காதீர்கள். என் மனசுக்கு அது சரியாகப் படவில்லை, அதிகாரியும் கண்டுபிடித்துவிடுவார். 'மிகச் சிறந்த ஆய்வு' என்ற பாராட்டு தேவையில்லை. எந்த மாதத்திலிருந்து, எத்தனை வள்ளங்கள், செய்தி வாட்ஸ்அப்பில் வருகிறதா, கோயில் மைக்கிலா, எந்தத் தேதியில் அதைக் கேட்டு வள்ளம் இறக்காமல் நின்றார்கள்? இவ்வளவும் தேதியோடு இருந்தால் அதைவிடப் பெரிய பேராசிரியர் கடிதம் கிடையாது. கூடவே முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், 'இது முழுமையானது, சரியானது, எனக்கு இரு மொழியும் தெரியும்' என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் வேண்டும். மொழிபெயர்ப்பவர் வேறொருவராக இருப்பது நல்லது.

குலசேகரம் வாசகர்: ரப்பர் பால் கெட்டியாகாமல் காக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறேன். அது போதுமா?

காப்புரிமை, உங்கள் முறை புதியது என்று காட்டும். யாராவது பயன்படுத்தினார்களா என்று காட்டாது. ஓர் ஆலையில் சோதனைக்குக் கொடுங்கள். உரிம ஒப்பந்தம், கொள்முதல் சீட்டு, சோதனைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் இவற்றைச் சேருங்கள். இன்னும் யாரும் எடுக்கவில்லை என்றால் எடுத்ததாக எழுதாதீர்கள்.

மார்த்தாண்டம் வாசகர்: பணம் கட்டினால் ஆராய்ச்சி விருது தருகிறோம் என்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். உண்மையான சான்றுகளின் மேலும் சந்தேகம் விழும்.

நாகர்கோவில், ஒரு தகப்பனார்: கூடுதல் கட்டணம் கட்டினால் 45 வேலை நாளில் முடிவு வரும் என்கிறாள் மகள். கிரீன் கார்டு அப்போதே வந்துவிடுமா?

வராது ஐயா. அதற்குள் வருவது ஐ-140 என்ற முதல்கட்டக் குடியேற்ற மனுவின் மீதான முடிவோ, கூடுதல் சான்று கேட்கும் கடிதமோ மட்டுமே. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இ.பி-2 வரிசை பல ஆண்டு நீளம். மனு சேர்ந்த தேதியே வரிசையில் உங்கள் மகளுடைய இடம். அதுவரை அங்கே இருக்க வேறொரு விசா தேவை. எச்-1பி என்ற வேலை விசாவில் இருந்தால், மனு ஏற்கப்பட்ட பிறகு ஆறு ஆண்டு வரம்பைத் தாண்டியும் மூன்று மூன்று ஆண்டாக நீட்டிக்க வழி உண்டு.