பூனை வாலைக் கழட்டினா என்ன தப்பு? - வாசகர் கேள்வி பதில்

தெம்பனிஸ் வாசகி: பேரனுக்கு ஆறு வயசு, டேப்லெட்ல கலர் கலரா ஓடுற கார்ட்டூன்தான் பாப்பான். போன வாரம் அவன் அப்பா நூறு வருஷத்துக்கு முந்தின ஃபீலிக்ஸ் பூனை படம் ஒண்ணு போட்டுவிட்டான். பேச்சும் இல்ல, கலரும் இல்ல, பையன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். அதுல அப்படி என்னதாங்க இருக்கு?

வால் இருக்கும்மா! 1919ல வந்த பூனை அது, பாட் சல்லிவன் ஸ்டூடியோல ஓட்டோ மெஸ்மர்ங்கிறவர் உருவாக்கினது. ஏதாவது தேவைன்னா ஃபீலிக்ஸ் கடைக்கெல்லாம் போகாது, சொந்த வாலைக் கழட்டி வேலைய முடிச்சிடும், தலைக்கு மேல கேள்விக்குறி வந்தா அதையும் விடாது, பிடிச்சு கொக்கியா மாட்டிக்கும். 1923ல வந்த ஃபீலிக்ஸ் இன் ஹாலிவுட்ல வாலைக் கைத்தடியாக்கிட்டு சாப்ளின் மாதிரியே நடந்து காட்டும், உடனே சாப்ளினே வந்து என் வித்தையத் திருடுறியான்னு சண்டைக்கு நிப்பாரு (அவரும் வரைஞ்ச சாப்ளின்தான்). இப்ப வர்ற கம்ப்யூட்டர் படத்துல பூனைக்கு ஒவ்வொரு முடியும் தனித்தனியா ஆடுது, பாக்க நிஜப் பூனை தோத்துடும், சரி, ஆனா நிஜப் பூனையால வாலைக் கழட்ட முடியாதே. அந்தக் காலத்து ஆளுங்க இது வெறும் கோடுதான்னு மறைக்கவே இல்ல, கோடுன்னு ஆனப்புறம் அது என்னவா வேணா மாறலாம்ல, உங்க பேரன் கையில பென்சில் கிடைச்சா அவனும் அதத்தான பண்றான்.

இன்னொண்ணு, வரைஞ்ச கை தெரியும். வின்சர் மெக்கேயோட கெர்ட்டி டைனோசர் (1914) கிடைச்சா போட்டுப் பாருங்க. அதுல ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் (படச்சுருள்ல வர்ற ஒவ்வொரு தனிப் படம்) டைனோசர மட்டும் இல்ல, பின்னாடி இருக்கிற மலை, பாறை, ஏரிக்கரை எல்லாத்தையும் மெல்லிசான அரிசித்தாள்ல திரும்பத் திரும்ப வரைஞ்சிருக்காங்க, பின்னணிய ட்ரேஸ் பண்றதுக்குன்னே ஒரு உதவியாளர் இருந்தாரு. எவ்ளோ நிதானமான கையா இருந்தாலும் மயிரிழை தள்ளிப் போகத்தான செய்யும், அதனால அசையவே கூடாத பாறை கூட லேசா நடுங்கிட்டே இருக்கும். எனக்கு அந்த நடுக்கத்த எவ்ளோ நேரம் பாத்தாலும் அலுக்காது. அதட்டினா கெர்ட்டி அழும், அப்புறம் ஒரு ஏரித் தண்ணி மொத்தத்தையும் குடிச்சிடும். மெக்கே இத முதல்ல மேடை நிகழ்ச்சியாத்தான் போட்டாரு, திரைக்குப் பக்கத்துல சாட்டையோட நின்னு அவர் சொல்லச் சொல்ல அது படத்துக்குள்ள கேக்கும். அப்புறம் கண்ணாடி மாதிரி செல்லுலாய்ட் ஷீட் வந்துச்சு, பின்னணிய ஒரு தடவை வரைஞ்சா போதும், வேலை மிச்சம். நடுக்கமும் போச்சு.

மேக்ஸ் ஃப்ளைஷரோட கோக்கோ கோமாளியையும் விட்டுடாதீங்க, மை புட்டியில இருந்து வருவான், ஆட்டம் முடிஞ்சா திரும்ப அதுக்குள்ளயே போயிடுவான். மேக்ஸோட தம்பி டேவுக்குக் கோமாளி டிரெஸ் போட்டு ஆடவிட்டு, அதப் படம் பிடிச்சு ஃப்ரேம் ஃப்ரேமா மேலயே வரைஞ்சாங்க, அதான் அவன் ஆடும்போது நிஜ ஆள் மாதிரி இருக்கும்.

ஜூரோங் வெஸ்ட் வாசகர்: யூடியூப்ல பாத்தா எல்லாம் தலைதெறிக்க ஓடுது, பியானோ வேற காதைக் கிழிக்குது. அப்பவும் இப்படித்தானா?

இல்லீங்க. பேசும்படம் வந்தப்புறம்தான் செகண்டுக்கு 24 ஃப்ரேம்னு கணக்கு நிலைச்சுது. அதுக்கு முன்னாடி குறைவாவும் ஓட்டுவாங்க, அத இப்ப 24ல போட்டா ஓடத்தான் செய்யும். செட்டிங்ஸ்ல வேகத்த 0.75 வச்சுப் பாருங்க. பியானோ பெரும்பாலும் பின்னாடி யாரோ ஒட்டினது, ம்யூட் பண்ணிடுங்க, பாவமே இல்ல.

யீஷூன் வாசகர்: இதெல்லாம் இத்தனை வருஷம் எப்படித் தப்பிச்சுது?

நிறைய தப்பிக்கல. அப்போ தியேட்டருக்குப் போன ஃபிலிம் நைட்ரேட், பத்திக்கிச்சுன்னா தண்ணிக்குள்ளயும் எரியும், எரியாட்டி தானா மக்கிப் பொடியாகிடும், போதாக்குறைக்கு அதுல இருக்கிற வெள்ளிக்காக உருக்கினவங்களும் உண்டு. அர்ஜென்டினாவுல 1917ல க்விரினோ கிறிஸ்தியானி எடுத்த எல் அப்போஸ்தோல்தான் உலகத்தோட முதல் முழுநீள அனிமேஷன் படம்னு சொல்றாங்க, இன்னிக்கு ஒரு காப்பி கூடக் கிடையாது, தீ விபத்துல போச்சு. குட்டிப் படங்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். 1923ல கோடக் கம்பெனி வீட்டுக்குன்னு 16 மில்லிமீட்டர் ஃபிலிம் கொண்டு வந்துச்சு, அது சுலபத்துல தீப்பிடிக்காத ரகம், புள்ளைங்க பாக்கட்டும்னு கார்ட்டூன்கள அதுல காப்பி போட்டு வித்தாங்க, வாடகைக்கும் விட்டாங்க. பெரிய பெரிய நடிகர்களோட படமெல்லாம் போயிடுச்சு, யார் வீட்டு அலமாரியிலயோ கிடந்த பூனை தப்பிச்சிருச்சு! ஜப்பான்ல 1917ல வந்த நமகுரா கதானா, மொக்கைக் கத்திய வாங்கிட்டு அலையுற ஒரு சாமுராய் கதை, அதெல்லாம் போயே போச்சுன்னு நினைச்சிருந்தாங்க, கடைசியில ஒசாகாவுல பழைய சாமான் விக்கிற இடத்துல கிடைச்சு 2008ல செய்தியாச்சு.

உட்லண்ட்ஸ் மாணவர்: மிக்கி மவுஸ்தான் முதல் கார்ட்டூனா?

இல்ல தம்பி. ஸ்டீம்போட் வில்லி 1928 நவம்பர். அதுக்கு 20 வருஷம் முன்னாடியே பிரான்ஸ்ல எமில் கோல் ஃபன்டாஸ்மகோரி எடுத்துட்டாரு, ரெண்டு நிமிஷம் கூட இல்ல. கரும்பலகையில சாக்பீஸ்ல போட்ட மாதிரி இருக்கும், ஆனா வெள்ளைத் தாள்ல கறுப்புக் கோடு போட்டு நெகட்டிவா மாத்தினதுதான் அது.

பொங்கோல் வாசகி: பிள்ளைங்களுக்குத் தாராளமா போட்டுக் காட்டலாமா?

கண்ண மூடிட்டுப் போடாதீங்க. கறுப்பினத்தவங்களையும் சீனர்களையும் கேவலமாக் காட்டுற காட்சி சிலதுல இருக்கு, நம்ம அடுக்குமாடி ப்ளாக்ல எல்லா இனத்துப் பிள்ளைங்களும் ஒண்ணா உக்காந்து பாக்குற இடத்துல அது வேண்டாம், முதல்ல நீங்க தனியாப் பாத்துடுங்க. கவலையில்லாமத் தொடங்கணும்னா எமில் கோல் படம், கெர்ட்டி ரெண்டும் போதும். பிள்ளைங்க கொஞ்சம் பெருசுன்னா ஜெர்மனியில லோட்டே ரைனிகர் 1926ல முடிச்ச இளவரசர் அஹ்மத் படம், கத்தரிக்கோலால வெட்டின நிழலுருவங்கள வச்சு எடுத்தது, வயாங் கூலிட் (தோல்பொம்மை நிழல் கூத்து) பாத்த பிள்ளைங்க சட்டுனு ஒட்டிக்குவாங்க. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஓடும், பாதியில நிறுத்தி மறுநாள் போடுங்க. பெரிய திரையில பழைய படம் பாக்கணும்னு ஆசைன்னா கேன்னிங் ரைஸ்ல ஏஷியன் ஃபிலிம் ஆர்கைவோட ஓல்டம் தியேட்டர் ப்ரோகிராம அப்பப்ப ஒரு பார்வை பாத்துக்குங்க.