நெரிசல் யார்மீது விழுகிறது?

மதிப்பிற்குரிய ஐயா,

நாங்கள் சிங்கப்பூரின் செங்காங்கில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வசிக்கிறோம். நானும் மனைவியும் வேலை செய்கிறோம். மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். என் தாயார் தோ பாயோவில் தனியாக இருக்கிறார். வேலை முடிந்து அவரைப் பார்த்துவிட்டு வீடு திரும்ப இரவு பத்து மணியாகிவிடுகிறது. எதைத் தொட்டாலும் விலை, எங்கே போனாலும் கூட்டம். இந்தச் சிறிய தீவு இத்தனை பேரைத் தாங்காது என்றே தோன்றுகிறது. வீட்டை விற்றுவிட்டு எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூர் பாருவுக்குக் குடிபோகலாமா என்று யோசிக்கிறோம். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

செங்காங் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் களைப்பில் எனக்கு ஐயமில்லை; காரணம் குறித்துத்தான் மாற்றுக் கருத்து உண்டு. 1990இல் 3 மில்லியனைச் சற்றே தாண்டியிருந்த மக்கள்தொகை 2024இல் 6 மில்லியனைக் கடந்துவிட்டது. நிலமோ, கடலைத் தூர்த்துச் சேர்த்ததையும் கூட்டினால்கூட, ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் வீட்டுக்குள் வந்து பாருங்கள். 1980களில் கட்டப்பட்ட நாலறை வீடு சுமார் 105 சதுர மீட்டர், இப்போது கட்டப்படுவது சுமார் 90. அதே காலத்தில், ஐந்து பேரை நெருங்கியிருந்த சராசரிக் குடும்பம் மூன்று பேருக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு வந்துவிட்டது. வீடு சுருங்கியதைவிட வேகமாகக் குடும்பம் சுருங்கியிருக்கிறது. ஆளுக்குக் கிடைக்கும் இடம் நம் பெற்றோருக்குக் கிடைத்ததைவிடக் குறைவு என்று சொல்ல முடியாது.

அப்படியிருந்தும் ஏன் மூச்சு முட்டுகிறது? நெரிசலை நாம் பெரும்பாலும் விலையைக் கொண்டு சமாளிக்கிறோம். விலை வைத்தவுடன் நெரிசல் மறைந்துவிடுவதில்லை. பணம் கட்ட முடிந்தவர் விலகிக்கொள்ள, முடியாதவருடைய நேரத்தின்மீது அது போய் விழுகிறது.

காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1990இல் வந்த வாகன உரிமைச் சான்றிதழ் முறை இல்லாவிட்டால் நம் சாலைகள் என்றோ ஸ்தம்பித்திருக்கும். அதை நான் ஆதரித்தே வந்திருக்கிறேன். ஆனால் பத்தாண்டுகளுக்குக் கார் வைத்துக்கொள்ளும் அந்த உரிமையை ஏலத்தில்தான் எடுக்க வேண்டும்; அதற்கு மட்டும், பெரிய கார் பிரிவில், 2023 அக்டோபரில் விலை 150,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போனது. அண்மையில் சிராங்கூன் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் ஒரு பெண்மணி தம் தாயாரைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு மின்தூக்கிக்காக நின்றிருந்தார். நாற்காலியின் கைப்பிடியில் பலதுறை மருந்தகத்தின் மருந்துப் பை தொங்கியது. கதவு திறந்தபோதெல்லாம் உள்ளே தள்ளுவண்டிகளும் பயணப்பெட்டிகளும் நிறைந்திருந்தன. அந்த அம்மா ஒவ்வொரு முறையும் காலை உள்ளே இழுத்துக்கொண்டு, அடுத்தவருக்கு வழிவிட்டார். யாரையும் குறைசொல்ல முடியாது, எல்லாருக்கும் அவசரம். ஏலத்தில் வெல்ல முடிந்தவருடைய தாயார் அந்த வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்பதைத்தான் நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

வீட்டிலும் இதே கதைதான். 2024இல் ஒரு மில்லியன் வெள்ளிக்கும் மேல் கைமாறிய வீவக மறுவிற்பனை வீடுகள் ஆயிரத்துக்கும் அதிகம். அவற்றில் பல தோ பாயோ, குவீன்ஸ்டவுன் போன்ற பழைய பேட்டைகளில் இருப்பவை. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் செங்காங், பொங்கோல் என்று விலகிப்போக, பெற்றோர் அங்கேயே தங்கிவிட்டார்கள். உங்கள் மாலைப்பொழுதைத் தின்பது இந்தத் தூரம். ரயில் பெட்டியில் உங்களோடு இடிபட்டு நிற்பவர்களில் எத்தனையோ பேர் உங்களைப்போலவே அம்மாவையோ அப்பாவையோ பார்க்கப் போகிறவர்கள்தாம். 2024 அக்டோபர் முதல் புதிய வீவக வீடுகளை அவை இருக்கும் இடத்தைப் பொறுத்து ஸ்டாண்டர்ட், பிளஸ், பிரைம் என்று வகைப்படுத்தி, பிந்திய இரண்டு வகைகளையும் பத்தாண்டுகளுக்கு விற்க முடியாதபடி செய்திருப்பது நல்ல மாற்றம் என்றே கருதுகிறேன். ஆனால் அதன் பலன் உங்கள் மகளின் தலைமுறைக்குத்தான் கிட்டும்.

பணம் கேட்காத இடங்கள் நமக்கு இன்னும் நிறைய வேண்டும். தேர்வுக் காலத்தில் நூலகம் திறப்பதற்கு முன்பே மாணவர்கள் வாசலில் வரிசை பிடிக்கிறார்கள். தந்தை அலுவலகக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும் அதே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட முடியாத பிள்ளைக்கு நூலக நாற்காலி ஓர் அறைக்குச் சமம். புளோக்கின் கீழ்த்தளத்தில் முதியவர்கள் உட்கார்ந்து பேசும் கல்மேசையும் அப்படியே. புதிய பேட்டைகளைத் திட்டமிடும்போது இவற்றைச் சிக்கனப்படுத்தக் கூடாது என்று, நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக் கூட்டம் உட்பட, வாய்ப்புள்ள இடத்திலெல்லாம் நாம் வலியுறுத்த வேண்டும்.

ஜொகூர் பாருவில் வீட்டுச் செலவு குறையும். ஆனால் வேலையும் பள்ளியும் இந்தப் பக்கம் இருக்கும்வரை, மிச்சமாகும் வெள்ளிக்கு ஈடாக இரு நாடுகளையும் இணைக்கும் கடற்பாலம் உங்கள் காலையையும் மாலையையும் எடுத்துக்கொள்ளும். தாயார் இன்னும் தொலைவாகிவிடுவார். அதோடு, அங்கே நம் வெள்ளியோடு வீட்டுக்குப் போட்டிபோட வேண்டியவர் ரிங்கிட்டில் சம்பளம் வாங்கும் அவ்வூர்க்காரர். நம்மீது விழுந்ததை அவர்மீது தள்ளிவிடுவதாகவே அது முடியும்.

முடிவெடுக்குமுன் தாயாருக்கு அருகில் ஒரு பழைய மூவறை வீட்டுக்கு மாறுவதைப் பற்றிப் பேசிப்பாருங்கள். ஓர் அறை குறையும், மாலை திரும்பக் கிடைக்கும். பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கும் குடும்பத்துக்கு, முன்பு பெற்றிராவிட்டால், 20,000 வெள்ளி மானியம் உண்டு. சேர்ந்து வசித்தால் 30,000. ஆனால் இரண்டு விஷயங்களை முதலிலேயே விசாரித்துவிடுங்கள். தோ பாயோவின் பழைய வீடுகள் பலவற்றில் 99 ஆண்டுக் குத்தகையில் பாதிக்கு மேல் கழிந்துவிட்டது. உங்கள் இருவரில் இளையவருக்கு 95 வயதாகும்வரை அது நீடிக்காவிட்டால், ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதியிலிருந்து வீட்டுக்காக எடுக்கக்கூடிய தொகை குறையும். 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி, அந்த புளோக்கிலோ வட்டாரத்திலோ இந்தியர், பிற இனத்தவர் என்ற பிரிவுக்கான விகிதம் நிரம்பியிருந்தால், அதே பிரிவைச் சேர்ந்த ஒருவர் விற்கும் வீட்டைத்தான் நீங்கள் வாங்க முடியும். ஆகவே வீடு பார்க்கப் போகுமுன் வீவக இணையத்தளத்தில் அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.