கரன்ட் கேபிளையும் ஃபைபர் கேபிளையும் ஒரே பள்ளத்தில் புதைக்கலாமா?

வீட்டிலிருந்து தோப்பு மோட்டார் ரூம் வரை 120 மீட்டர், சிங்கிள் பேஸ் கரன்டும் கேமராவுக்கு ஃபைபரும் போக வேண்டும், ஒரே பள்ளத்தில் போட்டால் நெட் பாதிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொள்ளாச்சிப் பக்கம் எலக்ட்ரிகல் வேலை எடுத்துச் செய்கிறேன். இதே கேள்வி அடிக்கடி வருகிறது.

நெட் பாதிக்காது. ஃபைபருக்குள் ஓடுவது வெளிச்சம். பக்கத்தில் 230 வோல்ட் போனாலும் 11,000 வோல்ட் போனாலும் கண்ணாடி இழைக்கு ஒன்றும் ஆகாது. லேன் ஒயர் என்றால் கதை வேறு. அது செம்பு. இடி இறங்கினால் இரண்டு பக்கத்துச் சாமானும் போகும், 100 மீட்டருக்கு மேல் இழுக்கவும் முடியாது. ஃபைபர் என்று நீங்கள் முடிவு செய்தது சரி.

ஆனால் எந்த ஃபைபர் என்பதைப் பாருங்கள். எலி கடிக்காது என்று சொல்லிக் கடையில் ஸ்டீல் ஆர்மர், அதாவது உறைக்குள் இரும்புக் கவசம், போட்டதைத் தருவார்கள். தனியாக மண்ணில் புதைக்க அது நல்ல சரக்குதான், இங்கே வேண்டாம். என்றாவது கரன்ட் கேபிள் அடிபட்டு லீக்கானால், அந்த இரும்பு வழியாக வீட்டு மோடம் வரைக்கும் கரன்ட் வந்துவிடும். வீட்டுக்கு நெட் இழுக்கிற சாதாரண டிராப் கேபிள் பலவற்றிலும் ஸ்டீல் கம்பி உண்டு. வெட்டிய முனையில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எஃப்.ஆர்.பி. என்கிற நார் பிளாஸ்டிக் குச்சியும் கெவ்லர் என்கிற பலமான நூலும் மட்டும் உள்ள, உலோகமே இல்லாத கேபிளாகக் கேளுங்கள். எலிக்கு, அதை நுழைக்கிற எச்.டி.பி.இ. என்கிற கெட்டி பிளாஸ்டிக் பைப் காவல்.

எனக்கு உண்மையில் கவலை, நாளைக்கு அங்கே தோண்டப் போகிற ஆளைப் பற்றித்தான். ஃபைபர் அறுந்தால் வருகிற பையன் எலக்ட்ரீஷியன் இல்லை. கடப்பாரையோடு வருவான். அவனுக்கு முதலில் தட்டுப்படுவது கரன்ட் கேபிளாக இருக்கவே கூடாது. அதனால் கரன்ட் அடியில், ஃபைபர் மேலே.

கேபிள் புதைப்பதற்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1255 படி வீட்டு வோல்டேஜ் கேபிளுக்கு 75 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். டிராக்டர் ஓடுகிற தோப்பு என்றால் 90 தோண்டிவிடுங்கள். அடியில் மணல் பரப்பி ஆர்மர்ட் கேபிளைப் போட்டு, மேலேயும் மணல் மூடி, செங்கலை வரிசையாக அடுக்குங்கள். செங்கல் செலவைப் பார்த்துப் பலர் விட்டுவிடுகிறார்கள், அதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஆனைமலைப் பக்கம் ஒரு தோப்பில் சொட்டுநீர்க் குழாய்க்குத் தோண்டிக்கொண்டிருந்தவர், கடப்பாரை ணங்கென்று பட்டதும் கையால் மண்ணை ஒதுக்கிப் பார்த்தார். "அண்ணா, செங்கல் வரிசையா வருதுங்க, கீழ கேபிள் இருக்கும்போல" என்று சொல்லி மேலே ஏறிவிட்டார். கேபிள் போட்ட காலத்தில் அந்தத் தோப்புப் பக்கமே வராதவர் அவர்.

செங்கலுக்கு மேல் மண் போட்டு மிதித்து, எச்சரிக்கை டேப் விரித்து, கரன்ட் கேபிளிலிருந்து 30 சென்டிமீட்டராவது தள்ளி ஃபைபர் பைப்பைப் போடுங்கள். ஒரே பைப்பில் இரண்டையும் நுழைக்கவே வேண்டாம். நடுவில் சேம்பர் (கேபிளைப் பார்க்க மூடி வைத்த தொட்டி) கட்டினாலும் தனித்தனியாகத்தான். ஃபைபர் பைப்பில் எல்போ போடாமல் அகலமாக வளைத்துக் கொண்டுபோங்கள். இழுக்கும்போது கேபிள் தடிமனைப் போல 20 மடங்கு ஆரமாவது வளைவில் இருக்க வேண்டும். அப்புறம், ஒரு நைலான் கயிற்றையும் உள்ளேயே விட்டுவையுங்கள். பின்னால் வேறு கேபிள் இழுக்க வேண்டி வந்தால் யாரும் மண்ணைத் தொட வேண்டியதில்லை.

கேபிள் ஆர்மருக்கு எர்த் கொடுத்து, மோட்டார் ரூம் லைனுக்கு வீட்டு போர்டிலேயே கரன்ட் லீக்கானால் லைனைத் தானே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடச் சொல்லுங்கள். இணைப்பு வேலையை லைசென்ஸ் உள்ளவரிடம் கொடுங்கள்.

மூடுவதற்கு முன்னால், அளவெடுக்கிற டேப்பைப் பிடித்துச் சுவரிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம் என்று தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். அளவை ஒரு தாளில் வரைந்து மெயின் போர்டு கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். தோண்டும் முன் லைனை ஆஃப் பண்ண அங்கேதான் வந்தாக வேண்டும்.