ரெய்டு 5-ன் எழுதும் வேகம்: வேலூர்ப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

லினக்ஸில் எம்டிஅட்மின் (mdadm) என்ற கருவி வைத்துக் கட்டும் ரெய்டு, அதாவது பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்துப் பயன்படுத்தும் முறை, பற்றி வந்த கேள்விகள் இவை. ரெய்டு 5-ல் தரவோடு பேரிட்டி என்ற கணக்கும் எழுதப்படும்; ஒரு டிஸ்க் போனாலும் அதை வைத்துத் தரவை மீட்கலாம். எல்லாமே சாதாரண ஹார்ட் டிஸ்க்குக்கானவை.

காட்பாடி, கல்லூரி மாணவர்: அண்ணா, நாலு டிஸ்க்கில் ரெய்டு 5 கட்டினேன். டிடி (dd) என்ற காப்பிக் கட்டளையில் 2 ஜிபி எழுதிப் பார்த்தால் விநாடிக்கு 1.8 ஜிபி என்று வருகிறது. நம்பலாமா?

நம்பாதீங்க தம்பி, அது ராமின் வேகம். 7200 சுற்று டிஸ்க் ஒன்று தொடர்ச்சியாக எழுதினால் விநாடிக்கு 200 எம்பி சொச்சம். ஒரு டிஸ்க் அளவு பேரிட்டிக்குப் போவதால் உங்களுக்குத் தரவு எழுதக் கிடைப்பது மூன்று டிஸ்க்கின் வேகம்தான், 600-ஐத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். கட்டளையில் எஃப்டேட்டாசிங்க் (conv=fdatasync; டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகே நேரக் கணக்கை முடிக்கும்) சேருங்கள், ராமைப் போல இரண்டு மடங்கு எழுதுங்கள். அதற்கு முன் ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டைப் (/proc/mdstat) பாருங்கள். புதிதாகக் கட்டிய ரெய்டு பின்னணியில் சிங்க் (டிஸ்க்குகளின் தரவையும் பேரிட்டியையும் பொருத்தும் வேலை) ஆகிக்கொண்டிருக்கும். 4 டிபி டிஸ்க் என்றால் ஏழெட்டு மணி நேரம் ஆகும். அது முடியாமல் எடுக்கும் எந்த அளவும் செல்லாது.

குடியாத்தம், வீடியோ ஸ்டுடியோ: கல்யாண வீடியோ காப்பி வேகமாகப் போகிறது சார். அதே நாலு டிஸ்க்கில் இருக்கும் பில்லிங் டேட்டாபேஸ் மட்டும் நகரவே மாட்டேன் என்கிறது.

ரெய்டு 5-ன் குணமே அதுதான். டேட்டாபேஸ் 4 கேபி எழுதச் சொன்னால், பழைய தரவைப் படிக்க வேண்டும், பழைய பேரிட்டியைப் படிக்க வேண்டும், கணக்குப் போட்டுப் புதிய தரவையும் புதிய பேரிட்டியையும் எழுத வேண்டும். ஒரு தடவை எழுத நாலு வேலை. 7200 சுற்று டிஸ்க் ஒரு முறை சுற்ற 8.33 மில்லி விநாடி. சராசரியாக அதில் பாதி காத்திருப்பு, ஹெட் நகர இன்னும் எட்டு மில்லி விநாடி. ஆக, விநாடிக்கு ஒரு டிஸ்க் 80 வேலைதான் செய்யும். நாலு டிஸ்க்குக்கு 320, அதை நாலால் வகுத்தால் மறுபடி 80! நாலு டிஸ்க் வாங்கியும் சில்லறை எழுத்தில் (அங்கங்கே சின்னச் சின்னதாக எழுதுவதில்) ஒரு டிஸ்க்கின் வேகம்தான். ரெய்டு 10 (ஒவ்வொன்றையும் இரண்டு டிஸ்க்கில் அப்படியே எழுதுவது) என்றால் 160 கிடைக்கும், ரெய்டு 6 (இரண்டு பேரிட்டி) என்றால் ஒரு தடவை எழுத ஆறு வேலை.

வீடியோவுக்கு இந்தத் தொல்லை இல்லை. சங்க் (ஒரு டிஸ்க்குக்குப் போகும் துண்டு) 512 கேபி என்றால், மூன்று டிஸ்க்கின் தரவுத் துண்டும் சேர்ந்த முழு ஸ்ட்ரைப் 1536 கேபி. அது மொத்தமாக வந்துவிட்டால் பழசைப் படிக்காமலே பேரிட்டி போடலாம். டேட்டாபேஸைத் தனியாக இரண்டு டிஸ்க் மிரருக்கு (இரண்டிலும் ஒரே தரவு) மாற்றிவிடுங்கள். சோதிக்கும்போதும் இரண்டையும் தனித்தனியாக ஃபியோ (fio) என்ற சோதனைக் கருவியில் அளவெடுங்கள். உங்கள் வேலை எப்படி எழுதுகிறதோ அப்படித்தான் சோதனையும் எழுத வேண்டும்.

ராணிப்பேட்டை, கம்பெனி ஐடி: ஸ்ட்ரைப் கேஷை (ஸ்ட்ரைப்புகளைச் சேர்த்து வைக்க ரெய்டு எடுத்துக்கொள்ளும் ராம்) ஏற்றலாமா?

தாராளமாக. முதலில் இருப்பது 256, நாலு டிஸ்க்குக்கு 4 எம்பி ராம்தான். 4096 வைத்தால் 64 எம்பி. தொடர் எழுத்தில் நல்ல பலன் தெரியும், சில்லறை எழுத்தில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ரீபூட் செய்தால் பழையபடி ஆகிவிடும், அதனால் யூடெவ் (udev; லினக்ஸ் சாதனங்களைக் கண்டதும் அமைப்பைத் தானாகப் போடுவது) விதியில் போட்டு வையுங்கள்.

ஆம்பூர்: முதலில் நன்றாக ஓடுகிறது அண்ணே, கொஞ்ச நேரத்தில் 15 எம்பிக்கு விழுந்துவிடுகிறது.

டிஸ்க் மாடலைப் பாருங்கள், பெரும்பாலும் எஸ்எம்ஆர் (SMR) வகையாக இருக்கும். அதில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருப்பதால், கேஷ் பகுதி நிறைந்ததும் பக்கத்துத் தடத்தையும் திருப்பி எழுத வேண்டிவரும். நாஸுக்கென்றே (நெட்வொர்க்கில் வைக்கும் சேமிப்புப் பெட்டி) விற்ற வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையிலும் சில மாடல்கள் எஸ்எம்ஆர்தான் என்பது 2020-ல் தெரியவந்தது. ரெய்டு 5-க்கு இது வேண்டவே வேண்டாம், ரீபில்ட் (போன டிஸ்க்குக்குப் பதில் போட்ட புது டிஸ்க்கை நிரப்புவது) நாள்கணக்கில் இழுக்கும். சிஎம்ஆர் (CMR; தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகை) என்று கம்பெனி விவரத்தாளில் பார்த்தே வாங்குங்கள்.

ஆற்காடு: கரண்ட் அடிக்கடி போகிறது. டிஸ்க்கின் ரைட் கேஷை (எழுத வேண்டியதைச் சற்று நேரம் பிடித்து வைக்கும் டிஸ்க்கின் நினைவகம்) அணைத்துவிடவா?

அணைத்தால் எழுதும் வேகம் படுத்துவிடும் ஐயா. அந்தக் காசுக்கு யூபிஎஸ் வாங்குங்கள். பாதி ஸ்ட்ரைப் எழுதும்போது கரண்ட் போனால் தரவும் பேரிட்டியும் பொருந்தாமல் போகும், கேஷை அணைத்தாலும் அந்த ஓட்டை அப்படியேதான் இருக்கும். பிட்மேப் (எந்தப் பகுதியில் எழுதிக்கொண்டிருந்தது என்ற குறிப்பு) இருந்தால் மறு சிங்க் சீக்கிரம் முடியும், ஆனால் அந்த நேரம் பார்த்து ஒரு டிஸ்க்கும் போய்விட்டால் பிட்மேப் காப்பாற்றாது. பேக்கப் வேறொரு பெட்டியில் இருக்கட்டும்.